ஊத்தங்கரை வெயிலும் வீட்டுக் குளிர்சாதனமும்

சித்திரை மாதத்தில் இரவு பத்து மணிக்கு, ஊத்தங்கரையில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்று, கூரைத் தளத்தின் அடிப்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட்ட தோசைக்கல்லைத் தொட்டதுபோல் இருக்கும். சூரியன் அஸ்தமித்து மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். வெளியே வேப்பமரத்தடியில் காற்று ஓரளவு தணிந்திருக்கும். ஆயினும் உள்ளே படுத்திருக்கும் என் தாயாருக்கு நடுப்பகல் இன்னும் முடிந்தபாடில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், விடியும் வரையில் அதைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கிறது. தலைக்கு மேலே சுழலும் விசிறி அந்தச் சூட்டைத்தான் வாரி அவர் மேல் வீசுகிறது. “ஏசி ஒண்ணு போட்டுடலாமாப்பா?” என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்ட அன்றுதான், இந்த விஷயத்தை முறையாக ஆராய்ந்து பார்க்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

எந்தச் சாதனத்தை வாங்குவது என்பது ஒரு கேள்வி. வாங்கியபின் அதை ஓட்டிக் கட்டுப்படியாகுமா என்பது மற்றொரு கேள்வி. கடைக்காரர் முதற்கேள்விக்கு மட்டுமே விடை சொல்லுகிறார். இரண்டாவது கேள்விக்கு விடை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரியத்தின் கணக்கீட்டில் வருகிறது. இவ்விரண்டுக்கும் முன்னால் கேட்கவேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அது மொட்டைமாடியைப் பற்றியது. சாதனத்தின் செலவில் பெரும்பகுதி, அது நம் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே, அந்த மாடியில் நிர்ணயமாகிவிடுகிறது என்பதே பல மாத விசாரணைக்குப்பின் நான் கொண்ட அபிப்பிராயம். அதற்கான காரணங்களைக் கூறுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள். 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான, எங்கள் ஊத்தங்கரையும் அடங்கிய கிருஷ்ணகிரியில் எங்கும் ஒரே சீதோஷ்ணம் நிலவுவதாக வெளியூரார் நினைப்பது சகஜம். ஓசூரோ கடல்மட்டத்துக்குச் சுமார் 2,900 அடி உயரத்தில், கர்நாடகப் பீடபூமியின் விளிம்பில் இருப்பது; வெள்ளைக்காரர் காலத்தில் ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் பெற்றது; அங்கே கோடையிலும் பின்னிரவில் போர்வையைத் தேடும் நாட்கள் உண்டு. மலைச்சரிவிறங்கி, கிருஷ்ணகிரியைக் கடந்து, திருவண்ணாமலைச் சாலையில் கிழக்கே வந்தால், மத்தூருக்கு அப்பால் காற்றே வேறு. மாந்தோப்புகளும் பாறைக் குன்றுகளும் சூழ்ந்த இந்தச் சமவெளியில், பங்குனி முதல் வைகாசி வரையில் பகலின் உஷ்ணம் 40 டிகிரியை எட்டிப் பிடிப்பது இப்போது அபூர்வமன்று. ஆகவே ஓசூரில் வேலை செய்யும் மகன், அங்குள்ள தன் வாடகை வீட்டு அனுபவத்தை வைத்துக்கொண்டு, ஊத்தங்கரையிலுள்ள பெற்றோருக்கு யோசனை சொன்னால் அது பெரும்பாலும் பொருந்துவதில்லை. அங்கே விசிறியே போதும் என்பது உண்மைதான். இங்கே விசிறி போதாது என்பதும் உண்மைதான்.

இந்த உஷ்ணம் எல்லாம் வானத்திலிருந்து மட்டும் வந்ததன்று. ஒரு பகுதியை நாமே கட்டி எழுப்பியிருக்கிறோம். கீற்றுக் கூரையும் நாட்டோட்டுக் கூரையும் மழைக்கு ஒழுகின, தீக்கு இரையாயின, வருஷா வருஷம் வேய்ந்து மாளவில்லை. அவை போய்க் கான்கிரீட் வீடு வந்தது ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைத்த மாபெரும் பாதுகாப்பு. 2010-இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டமும், 2011-இல் வந்த 300 சதுர அடிப் பசுமை வீடுகளும், 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லமும் அந்தப் பாதுகாப்பைப் பல லட்சம் குடும்பங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க எழுந்தவை; அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் பழைய கூரையில் இருந்த ஒரு நன்மை, அதாவது வெயிலைத் தடுத்து நிறுத்தும் குணம், புதிய கூரையில் இல்லை என்பதை நாம் கவனியாமல் விட்டுவிட்டோம். முன்னெல்லாம் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தடிமனாகப் போட்டு, நாட்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். இன்று செலவுக்கு அஞ்சிப் பல வீடுகளில் வெறுந்தளத்தோடு வேலையை நிறுத்திவிடுகிறார்கள். குடியிருப்புக் கட்டடங்களுக்காக மத்திய அரசின் எரிசக்தித் திறன் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் விதித்தொகுப்பு, கூரை வழியே கடக்கலாகும் வெப்பத்துக்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. நம் வெறுந்தளங்கள் அந்த எல்லையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தை உள்ளே விடுபவை.

தளம் சுடும்போது வெளியே படுத்துறங்கும் வழக்கம் நம் ஊரில் இருந்தது. திண்ணையிலும் வாசற்கட்டிலிலும் மொட்டைமாடியிலும் பாய் விரித்தார்கள். கொசுவும், நெருங்கிவிட்ட வீடுகளும், தனியே இருக்கும் முதியவர்களின் அச்சமும் அந்த வழக்கத்தைப் பெரும்பாலும் முடித்துவிட்டன. எனவே மூடிய அறைக்குள்ளேயே தணிவைத் தேடும் அவசியம் வந்திருக்கிறது. இதை ஆடம்பரம் என்று சொல்பவர்கள் ஒரு சித்திரை இரவை மேல்மாடியில் கழித்துப் பார்க்கவேண்டும்.

தணிவை விலைகொடுத்து வாங்குவது நமக்குப் புதிதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து, உறைந்த ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி, மரத்தூளில் பொதிந்து, உலகைச் சுற்றி மதராஸுக்குக் கொண்டுவந்தார் பிரடரிக் டியூடர் என்னும் வணிகர். அதைச் சேமித்து வைக்க 1842-இல் கடற்கரையில் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ். பின்னாளில், 1897-இல், விவேகானந்தர் தங்கியமையால் அது விவேகானந்தர் இல்லம் ஆயிற்று. அந்தப் பனிக்கட்டிக் காலத்தின் எச்சம் ஒன்று இன்றும் நம் கடைகளில் வழங்குகிறது. ‘ஒரு டன் ஏசி’ என்னும்போது அந்த டன் சாதனத்தின் எடையைக் குறிப்பதன்று. ஏறக்குறைய 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை ஒரு நாளில் வெளியேற்றும் வல்லமையே ஒரு டன். நவீன குளிர்சாதனம்கூட மனித சுகத்துக்காகப் பிறந்ததன்று. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் ஊதி வர்ணங்கள் இடம் மாறிப் பதிந்ததைத் தடுக்கவே வில்லிஸ் கேரியர் அதை அமைத்தார்.

இந்தக் கேள்வி நம்மோடு நில்லாமல் ஐரோப்பாவையும் பிடித்திருப்பது கவனிக்கத்தக்கது. பாரிஸில் லா சப்பேல் பகுதியிலும், லண்டனிலும், சுவிட்சர்லாந்திலும் வாழும் நம் மக்கள், வெயிலுக்குப் பழகிய ஊர்களிலிருந்து குளிரை நோக்கிப் போனவர்கள். இப்போது அங்கேயே கோடையில் திணறுகிறார்கள். 2003-ஆம் ஆண்டு வெப்ப அலையில் ஐரோப்பாவில் ஏறத்தாழ 70,000 பேர் இறந்தனர்; 2022-ஆம் ஆண்டுக் கோடையில் 61,000-க்கு மேற்பட்டோர் இறந்ததாக ஆய்வாளர் கணித்தனர்; அவ்வாண்டு ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் வெப்பமானி முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டி 40.3-ஐக் காட்டிற்று. அந்நாட்டு வீடுகள் சூட்டை உள்ளே பிடித்து வைப்பதற்கென்றே கட்டப்பட்டவை. வாடகைக்கு இருப்பவர் சுவரில் துளை போட முடியாது. பழம்பெருமை வாய்ந்த கட்டடங்களின் முகப்பில் சாதனத்தை மாட்ட முடியாது. ஜெனீவாவில் வீட்டில் நிலையாகப் பொருத்துவதற்கே அரசின் அனுமதி வேண்டும். மின்சாரமோ யூனிட்டுக்கு நம் நாணயத்தில் 25 ரூபாயை ஒட்டி விலை போகிறது. ஆகையால் பலர், ஜன்னல் வழியே ஒரு பருத்த குழாயை வெளியே விட்டு, சக்கரம் வைத்த சாதனத்தை அறைக்கு அறை உருட்டிக்கொண்டு திரிகிறார்கள். அது தின்னும் மின்சாரமும் அதிகம், தரும் தணிவும் குறைவு.

ஆனால் அந்த 2003-ஆம் ஆண்டுச் சாவுகளைப் பற்றிப் பிரெஞ்சு ஆய்வாளர் கண்டறிந்த ஒரு செய்தியே என்னை மிகவும் பாதித்தது. முதியவர்களில் யார் யாருக்கு ஆபத்து மிகுந்திருந்தது என்று ஆராய்ந்தபோது, நோய், தனிமை முதலிய காரணங்களோடு, கூரைக்கு நேர்கீழே படுக்கையறை இருந்ததும், அந்தக் கூரைக்கு வெப்பத்தடுப்பு இல்லாததும் முக்கிய காரணங்களாகத் தெரியவந்தன. பாரிஸின் துத்தநாகத் தகட்டுக் கூரைக்கும் ஊத்தங்கரையின் கான்கிரீட் தளத்துக்கும் இடையே எத்தனையோ ஆயிரம் மைல். ஆனால் மேல்மாடியில் படுத்திருக்கும் மூதாட்டிக்கு இரண்டும் ஒன்றே. என் தாயாரின் அறையை நினைத்தபோது அந்தச் செய்தி எனக்குத் தூரத்துச் செய்தியாகப் படவில்லை.

இனிச் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் காரியத்துக்கு வருவோம். கடைக்குச் சென்றால் முதலில் காதில் விழும் வாசகம், “சார், மேல்மாடின்னா ஒன்றரை டன்னே போட்டுடுங்க, யோசிக்காதீங்க” என்பது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ஒரு டன் போதுமென்பது பொதுவான கணக்கு. மேல்மாடியாயின் தளத்துச் சூடு சேர்வதால் அது தடுமாறுகிறது. அதனாலேயே கடைக்காரர் பெரிய சாதனத்தைச் சொல்லுகிறார். அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் அந்த அரை டன் நம் அறைக்குத் தேவைப்படவில்லை, நம் தளத்துக்குத் தேவைப்படுகிறது. தளத்தைத் தணித்துவிட்டால் அந்த அரை டன்னை வாங்கவும் வேண்டாம், ஆண்டுதோறும் அதற்குத் தீனி போடவும் வேண்டாம்.

அடுத்தது நட்சத்திரங்கள். மின்சாரச் சிக்கனத்தைக் காட்ட 2006-இல் எரிசக்தித் திறன் நிறுவனம் தொடங்கிய இந்த நட்சத்திர முத்திரை, அறைக் குளிர்சாதனங்களுக்கு 2010 முதல் கட்டாயமாயிற்று. முத்திரையில் அச்சிட்டிருக்கும் ஆண்டு மின்செலவு, வருஷத்தில் 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. அளவுகோலையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறுக்கி வருகிறார்கள். பழைய இருப்பில் கிடக்கும் ஐந்து நட்சத்திரம் புதிய அளவுகோலில் நான்காக இறங்கிவிடக்கூடும். ஆகவே நட்சத்திரத்தை எண்ணுவதோடு, முத்திரையில் உள்ள ஆண்டையும், யூனிட் எண்ணிக்கையையும் படித்துப் பார்ப்பது அவசியம்.

ஐந்து நட்சத்திரமே எப்போதும் லாபம் என்பது பரவலான நம்பிக்கை. அதைப் பரிசோதிக்க ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நம் மாநிலத்தில் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டாக ஏறுவது எல்லோரும் அறிந்ததே. 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் நிர்ணயித்த விகிதப்படி, அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரையில் 4.50, 500 வரையில் 6 ரூபாய். பிறகு 600 வரையில் 8, 800 வரையில் 9, 1,000 வரையில் 10, அதற்குமேல் 11 ரூபாய். 2024 ஜூலையில் கட்டணம் மேலும் சற்று உயர்ந்தது. எனினும் படிகளின் அமைப்பு மாறவில்லையாதலால் பழைய விகிதத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். இந்தப் படிக்கட்டில் ஒரு படி மட்டும் மற்றவற்றைப் போன்றதன்று. 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்பதோடு நில்லாமல், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையும் போய்விடுகிறது. எனவே 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் கட்டும் வீடு, 501 யூனிட் ஓடினால் 1,958 ரூபாய் கட்டவேண்டும். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்.

இரண்டு மாதத்தில் 300 யூனிட் செலவழிக்கும் ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொள்வோம். கட்டணம் 675 ரூபாய். அவ்வீட்டின் மேல்மாடி அறையில் ஒரு டன், மூன்று நட்சத்திரச் சாதனம் இரவில் 8 மணி நேரம் ஓடுகிறது. மணிக்குச் சராசரி 0.6 யூனிட் என்று வைத்தால் 60 நாளில் 288 யூனிட். மொத்தம் 588, கட்டணம் 2,654 ரூபாய். அதே இடத்தில் ஐந்து நட்சத்திரச் சாதனம் மணிக்கு 0.45 யூனிட் கொள்ளுமானால் 216 யூனிட், மொத்தம் 516, கட்டணம் 2,078 ரூபாய். மிச்சம் 576. கோடையில் இரண்டு கணக்கீட்டுக் காலம் ஓட்டினால் வருஷத்துக்கு 1,152 ரூபாய். விலை வித்தியாசம் 8,000 ரூபாய் என்றால் அதை மீட்க ஏழு கோடைகள் ஆகும். பகலும் இரவும், ஆண்டில் எட்டு மாதம் ஓட்டுபவர்களுக்கு ஐந்து நட்சத்திரம் சந்தேகமின்றி லாபம்; கோடை இரவுகளில் மட்டும் ஓட்டும் வீட்டுக்கு அந்த லாபம் அவ்வளவு விரைவாக வருவதில்லை. ஒன்றரை டன், மூன்று நட்சத்திரமாயின் மணிக்கு 0.9 யூனிட் வீதம் மொத்தம் 732 யூனிட்டாகி, கட்டணம் 3,938 ரூபாயைத் தொடுகிறது.

இந்தக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தபோதுதான், தலைக்கு மேல் சுழன்றுகொண்டிருந்த விசிறி என் கவனத்துக்கு வந்தது. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் கொள்ளும். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டை ஒட்டிக் கொள்ளும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் மூன்று விசிறிகளை மாற்றினால், இரண்டு மாதத்தில் 97 யூனிட் மிச்சம். மேலே சொன்ன வீட்டில் மூன்று நட்சத்திரச் சாதனத்தோடு 588-ஆக இருந்த கணக்கு 491-ஆக இறங்கி, 500 என்னும் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடுகிறது. கட்டணம் 1,671 ரூபாய். ஒன்பதினாயிரம் ரூபாயை ஒட்டிய விசிறிச் செலவு, ஒரு கோடைக் கணக்கீட்டிலேயே 983 ரூபாயை மீட்டுத் தருகிறது. சாதனம் ஓடாத மாதங்களிலும் மிச்சம் தொடர்கிறது. நட்சத்திரத்துக்கு மேலதிகமாகக் கொடுக்க நினைத்த பணத்தை முதலில் விசிறிக்குக் கொடுப்பது இந்த வகை வீட்டுக்கு உசிதம் என்று தயக்கமின்றிச் சொல்லுவேன். விசிறியைச் சுழலவிட்டுச் சாதனத்தை 26 அல்லது 27 டிகிரியில் வைத்தால் உடம்புக்குப் போதுமான தணிவு கிடைக்கிறது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் நிறுவனமே கூறுகிறது. 2020 ஜனவரி முதல் புதிய சாதனங்கள் இயங்கத் தொடங்கும்போதே 24 டிகிரியில் நிற்கவேண்டும் என்ற விதியும் இதை ஒட்டி வந்ததே.

இனி, தளம். மாசி மாதத்தில் எங்கள் மொட்டைமாடியைக் கழுவி, விரிசல்களை அடைத்து, கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து, பசை கலந்து இரண்டு பூச்சு பூசினோம். வேலைக்கு வந்த கொத்தனார் வயதானவர். இரண்டாவது பூச்சு காய்ந்த மறுநாள் நடுப்பகலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெண்மையான பகுதியில் நின்று, “இப்ப வந்து நில்லுங்க” என்றார். நின்றேன், நிற்க முடிந்தது. பூசாமல் விட்டிருந்த படிக்கட்டு ஓரத்தில் கால் வைத்த மாத்திரத்தில் எடுத்துவிட்டேன். வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் தளம் அதைக் குடிப்பதில்லை. அறைக்குள்ளே இரண்டு மூன்று டிகிரி தணிவது இதனால் சாதாரணமாகக் கிடைக்கும் பலன். சுண்ணாம்பு மழையில் கரையும், வருஷந்தோறும் பூசவேண்டும், கடையில் விற்கும் வெப்பத்தடுப்புப் பெயின்ட் சில ஆண்டு தாங்கும், விலையும் கூடுதல். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கையே வகுத்திருக்கிறது. வசதி உள்ளவர்கள் தட்டோடு பதிக்கலாம். இடம் உள்ளவர்கள் மாடியில் பந்தலிட்டுச் சுரைக்கொடியும் அவரைக்கொடியும் ஏற்றலாம். மேற்கு ஜன்னலுக்கு வெளியே நிழல் அமைவதும் முக்கியம். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஜன்னலுக்கு வெளிப்புறத்தில் மரக்கதவுகளை வைத்துப் பகலில் மூடிவிடுகிறார்கள். உள்ளே திரைச்சீலை போடுவதைவிட அது பன்மடங்கு மேலானது. ஏனெனில் கண்ணாடியைக் கடந்துவிட்ட வெயில் திரைக்குப் பின்னாலும் அறைக்குள்தான் இருக்கிறது.

ஏர்கூலரை இகழ்ந்து பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சென்னையில் அது பயனற்றதாக இருக்கலாம். அங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் நீர் ஆவியாவதற்கு இடமில்லை. ஊத்தங்கரையின் பங்குனி, சித்திரைக் காற்றோ வறண்டது. இங்கே கூலர் நன்றாகவே வேலை செய்கிறது. குளிர்சாதனத்துக்கு ஆகும் மின்சாரத்தில் கால்பங்குகூட அதற்குச் செலவாவதில்லை. ஜன்னலை ஒருக்களித்துத் திறந்துவைக்காமல் மூடிய அறையில் கூலரை ஓட்டுபவர்களே, கசகசக்கிறது என்று குறை கூறுகிறார்கள். ஆனால் கூலருக்கு இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தபின் குடிக்க நல்ல நீர் கிடைக்கிறதெனினும், கூலருக்கு ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்று நீரே. அதன் உப்பு ஒரே கோடையில் கூலரின் உள்ளிருக்கும் ‘பேட்’ திண்டை வெள்ளை பூத்த கட்டியாக்கிவிடுகிறது. மற்றொன்று, ஆடிக்குப்பின் ஈரம் ஏறிய நாட்களில் அது உதவாது. ஆயினும் பணம் குறைவாக உள்ள வீட்டுக்கு, வெள்ளையடித்த தளமும், நல்ல விசிறியும், ஒரு கூலரும் சேர்ந்தால் கோடையின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம்.

சாதனத்தையே வாங்குவோர் கவனிக்கவேண்டிய சில காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தவணையில் வாங்குவோர் ‘வட்டியில்லாத் தவணை’ என்ற பலகையை அப்படியே நம்பவேண்டாம். பூஜ்ய வட்டி என்பது உண்மையில் கிடையாது என்று கூறி ரிசர்வ் வங்கி 2013-இலேயே அத்திட்டங்களை வங்கிகளுக்குத் தடுத்தது. ரொக்கத்துக்கு என்ன விலை, தவணைக்கு என்ன விலை, ‘பிராசஸிங்’ கட்டணம் எவ்வளவு என்று மூன்றையும் எழுதி வாங்கினால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் குளிர்சாதனத்தின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலையைச் சொல்பவரிடம் இதை நினைவூட்டலாம். வீட்டில் தனி வயரிங், நில இணைப்பு, உரிய எம்.சி.பி. ஆகியவை இன்றிச் சாதனத்தை மாட்டுவது விபத்தை விலைக்கு வாங்குவதாகும். பெங்களூரு அலுவலகங்களில் கழித்துவிட்ட பழைய சாதனங்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்கியவர்கள், அவற்றில் பலவற்றில் இருக்கும் ஆர்-22 என்னும் வாயு 1987-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியில் கைவிடப்பட்டு வருவது என்பதையும், மின்செலவு ஏறத்தாழ இருமடங்காகும் என்பதையும் பின்னரே உணர்கிறார்கள்.

‘கேஸ்’ விஷயத்தில் நானும் ஏமாந்தவன். உறவினர் வீட்டுச் சாதனத்துக்கு ஒவ்வொரு கோடையிலும் “கேஸ் தீர்ந்துபோச்சு” என்று ஒரு பழுதுபார்ப்பவர் பணம் வாங்கிக்கொண்டு நிரப்பினார். மூன்றாவது வருஷம் வந்த வேறொருவர், சோப்பு நுரையைக் குழாய் இணைப்பில் தடவிக் குமிழி எழுவதைக் காட்டி, அந்த இணைப்பை மட்டும் சரிசெய்தார். வாயு சாதனத்துக்குள் மூடிய வட்டத்தில் சுற்றிக்கொண்டிருப்பது. அது தீர்வதற்கு எரிபொருள் அன்று. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கல்குவாரித் தூசி மிகுந்த நம் பகுதியில் வடிகட்டியைப் பதினைந்து நாளுக்கொருமுறை நாமே கழற்றிக் கழுவுவது அதைவிடப் பெரிய பராமரிப்பு.

இரவுத் தூக்கத்தைப் பற்றியே இதுவரை பேசினோம். ஆனால் இந்த வட்டாரத்தில் பகலில் உறங்கவேண்டியவர்கள் ஏராளம். ஓசூர், போச்சம்பள்ளித் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து, காலை எட்டரை மணிக்கு வீட்டில் இறங்கும் இளைஞனும் யுவதியும், தளம் மிகக் கொடுமையாகச் சுடும் வேளையில் கண்ணை மூடவேண்டியவர்கள். தூங்காத கண்ணோடு மறுநாள் யந்திரத்தின்முன் நிற்பது எத்தகைய ஆபத்து என்பதை விளக்கவேண்டியதில்லை. இவர்களுக்குச் சூரிய மின்சாரம் இயல்பாகவே பொருந்துகிறது. தேவை எழும் அதே நேரத்தில் உற்பத்தியும் நிகழ்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்யகர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் உண்டு. 2 கிலோவாட் தகடுகள் நாளொன்றுக்குச் சுமார் 8 யூனிட் தரும். போதாததற்கு, தகடுகளின் நிழலில் தளமும் தணிகிறது. ஆனால் இது சொந்த வீடு உள்ளவர்களுக்கே கைகூடும். வாடகை அறையில் நால்வராகத் தங்கி ஷிப்ட் பார்ப்பவர்களுக்குத் தணிந்த அறை கிடைக்கச் செய்யும் பொறுப்பு, அவர்களுடைய உழைப்பைப் பெறும் தொழிற்சாலைகளுக்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

அரசுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்னும் உச்சத்தை அடைந்தது. ஒவ்வொரு மொட்டைமாடியும் குடிக்கும் வெயில் அந்த எண்ணிக்கையில் சேர்ந்திருக்கிறது. அவ்வாண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று அரசு வகுத்தது பாராட்டத்தக்கது. இறந்தபின் கொடுக்கும் தொகையில் மிகச் சிறு பகுதியைக் கொண்டு, அரசு கட்டித்தரும் ஒவ்வொரு வீட்டின் தளத்துக்கும் வெள்ளைப் பூச்சைக் கட்டாயமாக்கலாம். கட்டும்போதே செய்தால் அதன் செலவு கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் தளத்தைப் பூசினோம். மூன்று விசிறிகளை மாற்றினோம். அதன்பின் தாயாரின் அறைக்கு மட்டும் ஒரு டன் சாதனம் வாங்கினோம். இரவு பத்து மணிக்கு ஓடத் தொடங்கும் அது, பின்னிரவு மூன்று மணிக்கு அவர் கையாலேயே நிறுத்தப்படுகிறது.

சித்திரையில் வெயில் தாங்காமல் ஓடிச்சென்று வாங்குவோருக்கு விலையில் பேரம் இல்லை, பொருத்தும் ஆளும் ஒரு வாரம் வரமாட்டார். தளத்தைப் பூசவும் அப்போது நேரமிராது. ஆகவே இதைப் படிப்பவர்கள் தை மாதத்திலேயே காரியத்தைத் தொடங்குங்கள். கடந்த கோடையின் மின்கணக்கீடு எழுதிய வெள்ளை அட்டையை எடுத்து, எத்தனை யூனிட் ஓடியது, 500-க்கு இன்னும் எத்தனை மீதி என்று பாருங்கள். மாடி ஏறி, ஒரு நடுப்பகலில் வெறுங்காலோடு தளத்தில் நின்று பாருங்கள். கடைக்கு அதற்குப்பின் போகலாம். போகும்போது அந்த அட்டையும் கையில் இருக்கட்டும்.